மைனஸ் 2.5: எலும்பு அடர்த்தி அறிக்கையைப் படிப்பது எப்படி?

எலும்பு அடர்த்திப் பரிசோதனை குறித்து வந்துள்ள கடிதங்களில் பெரும்பாலானவை அறிக்கையின் நகலோடு வந்திருக்கின்றன. எல்லாக் கடிதங்களிலும் ஒரே கவலைதான்: தாளில் மைனஸ் போட்டு ஓர் எண் அச்சாகியிருக்கிறது, அதற்கு என்ன பொருள், மருந்து தொடங்க வேண்டுமா, வேண்டாமா? எலும்பு முறியாமல் காப்பதுதான் இந்தப் பரிசோதனையின் நோக்கம். ஆகவே அந்த எண்ணை உங்கள் வயது, முன்பு ஏற்பட்ட முறிவுகள், குடும்ப வரலாறு, சாப்பிடும் மருந்துகள் ஆகியவற்றோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். இங்கே தரப்படுபவை பொதுவான விளக்கங்கள். மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் உங்களை நேரில் பரிசோதிக்கும் மருத்துவரின் முடிவாகவே இருக்கட்டும்.

கேள்வி: எனக்கு வயது 54. மாதவிலக்கு நின்று 8 ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் ஊரில் நடந்த இலவச முகாமில் குதிகாலை ஒரு கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு, ‘மைனஸ் 2.8, எலும்பு மிகவும் பலவீனம்’ என்றார்கள். பயந்துபோய் டெக்ஸா ஸ்கேன் எடுத்தேன். அதில் முதுகெலும்பு மைனஸ் 1.9, தொடை எலும்பின் கழுத்து மைனஸ் 2.2, மொத்த இடுப்பு மைனஸ் 1.6 என்று இருக்கிறது. ஒரு மருத்துவர் ஆண்டுக்கு ஒருமுறை போடும் ஊசி வேண்டும் என்கிறார். இன்னொருவர் கால்சியம் மாத்திரை போதும் என்கிறார். என் அம்மாவுக்கு 68 வயதில் இடுப்பெலும்பு முறிந்தது. நான் யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகி, கும்பகோணம்

பதில்: முகாமில் சொன்ன எண்ணை முதலில் ஒதுக்கிவையுங்கள். குதிகாலில் செய்யப்படுவது ஒலியலைப் பரிசோதனை. உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த மைனஸ் 2.5 என்ற எல்லை, டெக்ஸா முறையில் முதுகெலும்பு, இடுப்பு, முன்கை ஆகிய இடங்களில் அளந்த அளவுகளுக்கே பொருந்தும். குதிகால் கருவி காட்டும் மைனஸ் 2.8ஐ அந்த எல்லையோடு ஒப்பிட முடியாது. யாருக்கு டெக்ஸா எடுக்கலாம் என்று சலித்தெடுக்க அது ஓரளவு பயன்படும். நோயை முடிவு செய்யவோ, மருந்தின் பலனைத் தொடர்ந்து கண்காணிக்கவோ அது உதவாது. முகாம் பந்தலிலேயே கால்சியம் டப்பாக்களை விற்பதும் சில இடங்களில் நடக்கிறது. பயத்தை உண்டாக்கிய கையோடு மருந்தை விற்பது முறையல்ல.

இனி டெக்ஸா அறிக்கைக்கு வருவோம். இருவேறு ஆற்றல் கொண்ட எக்ஸ் கதிர்களை உடலுக்குள் செலுத்தி, எலும்பும் சதையும் அவற்றை எந்த அளவு தடுக்கின்றன என்பதிலிருந்து, ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் எத்தனை கிராம் தாது இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். அந்த அளவை ஆரோக்கியமான இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிட்டு, எத்தனை திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றி அளவுகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் காட்டும் அலகு) கூடுதல் அல்லது குறைவு என்று சொல்வதே டி ஸ்கோர். உங்கள் வயதினரோடு ஒப்பிட்டுச் சொல்வது இசட் ஸ்கோர். டி ஸ்கோர் மைனஸ் 1 அல்லது அதற்கு மேல் இருந்தால் இயல்பு. மைனஸ் 1க்கும் மைனஸ் 2.5க்கும் இடையே இருந்தால் ஆஸ்டியோபீனியா, அதாவது எலும்புத் தாது குறைந்த நிலை, மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் ஆஸ்டியோபோரோசிஸ் எனப்படும் எலும்புப்புரை. பச்சை, மஞ்சள், சிவப்புப் பட்டைகளுக்கு நடுவே ஒரு புள்ளி வைத்துப் படம் போட்டிருப்பார்களே, அது காட்டுவதும் இதையேதான்.

அளந்த இடங்களில் எது மிகக் குறைவோ அதைக் கொண்டே நோய் நிலையைச் சொல்வது வழக்கம். உங்களுக்கு அது தொடை எலும்பின் கழுத்தில் உள்ள மைனஸ் 2.2. ஆகவே உங்கள் நிலை ஆஸ்டியோபீனியா. ஆனால் மைனஸ் 2.4க்கும் மைனஸ் 2.5க்கும் நடுவே உடலில் எந்தச் சுவரும் எழுப்பப்பட்டிருக்கவில்லை. டி ஸ்கோர் ஒவ்வொரு புள்ளி குறையும்போதும் முறிவு அபாயம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. அந்த ஏற்றம் படிப்படியானது. எலும்புப்புரை உள்ளவர்களைவிட ஆஸ்டியோபீனியா உள்ளவர்களின் எண்ணிக்கை மிக அதிகம் என்பதால், மொத்த முறிவுகளில் பெரும்பகுதி இவர்களிடையேதான் நேர்கிறது. எனவே ‘எலும்புப்புரை இல்லை, வீட்டுக்குப் போங்கள்’ என்று சொல்லி அனுப்புவதும் சரியாகாது.

உங்கள் இரு மருத்துவர்களில் எவரும் தவறாகச் சொல்லிவிட்டதாக நான் நினைக்கவில்லை. ஆனால் இருவரும் முடிவுக்கு வருவதற்கு முன் செய்ய வேண்டிய சில வேலைகள் பாக்கியிருக்கின்றன. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகம் 2008இல் வெளியிட்ட ஃப்ராக்ஸ் என்ற கணக்கீட்டுக் கருவி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது; அதில் இந்தியர்களுக்கென்று தனிக் கணக்கும் உண்டு. வயது, எடை, உயரம், முன்பு ஏற்பட்ட முறிவு, பெற்றோருக்கு ஏற்பட்ட இடுப்பெலும்பு முறிவு, புகை, மது, ஸ்டீராய்டு, முடக்குவாதம், தொடை எலும்புக் கழுத்தின் அடர்த்தி ஆகியவற்றை இட்டால், அடுத்த 10 ஆண்டுகளில் முறிவு ஏற்படும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று அது சொல்லும். உங்கள் தாயாரின் இடுப்பெலும்பு முறிவு அந்தக் கணக்கில் கணிசமான இடம் பெறும். பெரிய முறிவுகளுக்கு 20 சதவீதம், இடுப்பெலும்பு முறிவுக்கு 3 சதவீதம் என்பது அமெரிக்காவில் மருந்து தொடங்கப் பயன்படுத்தும் எல்லை. இங்கும் பல மருத்துவர்கள் அதையே வைத்துப் பார்க்கிறார்கள்.

அத்தோடு, முதுகெலும்பைப் பக்கவாட்டில் ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். முதுகெலும்பு முறிவுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, வலியை யாரும் முறிவென்று எண்ணாததால் கவனிக்கப்படாமலே போகின்றன. அப்படி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால், உங்கள் டி ஸ்கோர் என்னவாக இருந்தாலும் சிகிச்சை தேவை என்பது உறுதியாகிவிடும். ரத்தத்தில் கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்படேஸ், கிரியாட்டினின், வைட்டமின் டி, தைராய்டு அளவுகளையும் பார்த்துவிட வேண்டும். மாதவிலக்கு நின்றபின் வரும் முதல் 5 முதல் 7 ஆண்டுகளில் எலும்பு மிக வேகமாகக் குறையும்; நீங்கள் அந்தக் கட்டத்தைப் பெரும்பாலும் கடந்துவிட்டீர்கள். ஆகவே இந்தப் பரிசோதனைகளுக்காக ஓரிரு வாரங்கள் எடுத்துக்கொள்வதால் இழப்பு எதுவுமில்லை. அவற்றின் முடிவுகளை ஒரே மருத்துவரிடம் கொண்டுசென்று, ஊசியா, மாத்திரையா, ஹார்மோன் சிகிச்சையா, அல்லது உணவும் உடற்பயிற்சியும் 2 ஆண்டுகளில் மறு ஸ்கேனும் போதுமா என்று கேளுங்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 71. டவுன் பஸ்ஸில் பின் இருக்கையில் உட்கார்ந்து வந்தபோது வேகத்தடையில் தூக்கிப்போட்டதில் இடுப்புக்குச் சற்று மேலே கடுமையான வலி. எக்ஸ்ரேயில் முதல் இடுப்பு முள்ளெலும்பு நசுங்கியிருக்கிறது என்றார்கள். ஆனால் டெக்ஸா ஸ்கேனில் முதுகெலும்பு டி ஸ்கோர் மைனஸ் 1.2 மட்டுமே. அறிக்கையில் எல்1 மைனஸ் 0.3, எல்2 மைனஸ் 1.9, எல்3 மைனஸ் 1.5, எல்4 மைனஸ் 0.9 என்று தனித்தனியாகப் போட்டிருக்கிறார்கள். இடுப்பை எடுக்கவில்லை. எலும்பு நன்றாக இருந்தும் அம்மாவுக்கு ஏன் முறிந்தது?
— வாசகர், மதுரை

பதில்: உங்கள் தாயாரின் எலும்பு நன்றாக இல்லை, அந்த அறிக்கைதான் அவரது எலும்பை உள்ளதைவிட நல்லதாகக் காட்டுகிறது. எல்1 எண்ணைப் பாருங்கள். நசுங்கிய எலும்பு அதுதான், ஆனால் நான்கில் சிறந்த மதிப்பெண் பெற்றிருப்பதும் அதுதான். எலும்பு நசுங்கும்போது அதிலிருந்த தாது முழுவதும் குறைந்த பரப்புக்குள் அடங்கிவிடுவதால், சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம் என்று கணக்கிடும் கருவிக்கு அது அடர்த்தியாகத் தெரிகிறது. பக்கத்து எலும்போடு ஒப்பிடும்போது டி ஸ்கோரில் ஒரு புள்ளிக்கு மேல் வேறுபடும் முள்ளெலும்பையும், முறிந்த முள்ளெலும்பையும் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு மீதியை வைத்துத்தான் சராசரி பார்க்க வேண்டும். இங்கே எல்1ஐ நீக்கியிருக்க வேண்டும். எல்4 வரை கீழே போகப்போக எண் நல்லதாகிக்கொண்டே போவதும் ஐயத்துக்குரியது. வயதானவர்களின் கீழ்முதுகில் மூட்டுத் தேய்மானத்தால் வளரும் எலும்பு முனைகளும், முதுகெலும்புக்கு முன்னால் ஓடும் பெரிய ரத்தக் குழாயின் சுவரில் படியும் சுண்ணாம்பும் கதிர்களைத் தடுத்து, அடர்த்தியை உயர்த்திக் காட்டும். 65 வயதைக் கடந்தவர்களுக்கு இடுப்பை அளக்காமல் முதுகெலும்பை மட்டும் அளந்து அறிக்கை தருவது அரைகுறை வேலை. இடுப்பையும், தேவைப்பட்டால் முன்கையையும் அளக்கச் சொல்லுங்கள்.

ஆனால் அந்த எண்கள் எப்படி வந்தாலும் அடிப்படை முடிவு மாறப்போவதில்லை. நின்ற உயரத்திலிருந்து விழுந்ததாலோ, அதைவிடச் சிறிய அதிர்வாலோ முதுகெலும்பு முறிந்திருக்கிறது என்றால், வேறு நோய் காரணமில்லை என்று உறுதி செய்தபின், அது எலும்புப்புரைதான். அந்த ‘வேறு நோய்’ என்ற கேள்வியைத் தாண்டிப் போய்விடக் கூடாது. இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, காய்ச்சல், உடல் மெலிவு, ரத்தசோகை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் காசநோய், பரவிய புற்றுநோய், மயலோமா எனப்படும் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் ஆகியவற்றுக்கான சோதனைகளைச் செய்ய வேண்டும். மயலோமாவுக்கு ரத்தத்தில் புரத எலெக்ட்ரோஃபோரிசிஸ் என்றொரு சோதனை இருக்கிறது.

இதில் நான் அவசரப்படுத்தக் காரணம் உண்டு. ஒரு முதுகெலும்பு முறிந்த பெண்களில் ஏறத்தாழ 5இல் ஒருவருக்கு அடுத்த ஓராண்டுக்குள்ளேயே இன்னொரு முள்ளெலும்பு முறிகிறது. வலி குறைந்ததும் ‘சரியாகிவிட்டது’ என்று விட்டுவிடும் குடும்பங்களையே அதிகம் பார்க்கிறோம். வலிக்கு மருந்து கொடுப்பதோடு நில்லாமல், எலும்பைக் காக்கும் மருந்தும் இப்போதே தொடங்கப்பட வேண்டும். முறிவு ஏற்பட்டுவிட்டவர்களுக்கு, புது எலும்பை வளர்க்கும் டெரிபராடைடு என்ற தினசரி ஊசியை முதலில் கொடுத்து, அது முடிந்ததும் எலும்புக் கரைவைத் தடுக்கும் மருந்துக்கு மாறுவது ஒரு வழி; ஆண்டுக்கு ஒருமுறை போடும் சோலெட்ரோனிக் அமில ஊசியிலேயே தொடங்குவது இன்னொரு வழி. சிறுநீரகத்தின் நிலை, புற்றுநோய் வரலாறு, செலவு ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர் தேர்ந்தெடுப்பார்.

வலி தாளாத முதல் சில நாட்கள் ஓய்வு தேவைதான். வாரக்கணக்கில் படுக்கையிலேயே வைத்திருந்தால் தசையும் எலும்பும் மேலும் கரையும். மெல்ல எழுந்து நடக்கச் சொல்லுங்கள். முதுகை முன்னால் வளைத்தோ, எட்டிச் சுமை இறக்கியோ செய்யும் வேலைகளை மட்டும் நிறுத்திவிட வேண்டும்: குனிந்து குடம் தூக்குவது, குனிந்தபடி வாசல் பெருக்குவது, பரணிலிருந்து பாத்திரம் இறக்குவது, யோகா செய்பவராக இருந்தால் பஸ்சிமோத்தாசனம், பாதஹஸ்தாசனம். சுவரில் அவருடைய உயரத்தை இன்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். 2 சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால், வலி இல்லாவிட்டாலும், மறுபடியும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

கேள்வி: வயது 33. அலுவலகத்தில் நடந்த முழு உடல் பரிசோதனையில் டி ஸ்கோர் மைனஸ் 1.6, இசட் ஸ்கோர் மைனஸ் 1.5, ஆஸ்டியோபீனியா என்று எழுதிவிட்டார்கள். இன்னும் குழந்தை பெறவில்லை. வாரம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சாப்பிடலாமா?
— வாசகி, சென்னை

பதில்: மாத்திரையைத் தொடங்கும் முன், அதை எழுதியவரிடமோ உங்கள் மகப்பேறு மருத்துவரிடமோ மறுபடியும் பேசுங்கள். மாதவிலக்கு நிற்காத பெண்களுக்கும் 50 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கும் டி ஸ்கோரை வைத்து நோய்ப் பெயர் சூட்டக் கூடாது. அவர்களுக்குப் பார்க்க வேண்டியது இசட் ஸ்கோர். அது மைனஸ் 2 அல்லது அதற்கும் கீழே இருந்தால்தான் ‘வயதுக்கு எதிர்பார்ப்பதைவிடக் குறைவு’ என்று சொல்லிக் காரணம் தேடுவோம். உங்களுடையது அந்த எல்லைக்குள் வரவில்லை. டி ஸ்கோர் கணக்கிடப்படும் முறையின்படியே, ஆரோக்கியமான இளம் பெண்களில் 100க்கு ஏறத்தாழ 16 பேர் மைனஸ் 1க்குக் கீழேதான் இருப்பார்கள். அவர்களை நோயாளிகள் என்று சொல்ல முடியாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டெக்ஸா அளப்பது பரப்பை. எலும்பின் தடிமனை அதனால் பார்க்க முடியாது. ஆகவே சிறிய உடற்கட்டு உள்ளவர்களின் எலும்பு, உண்மையில் உள்ளதைவிட அடர்த்தி குறைவாகத் தோன்றும். பல கருவிகளில் ஒப்பீட்டுக்கு வைத்திருப்பது வெள்ளை இனப் பெண்களின் அளவுகள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இந்தியர்களுக்கான ஒப்பீட்டு அளவுகளை 2010இல் வெளியிட்டது. எலும்புக் கரைவைத் தடுக்க வாரம் ஒருமுறை சாப்பிடும் பிஸ்பாஸ்போனேட் வகை மாத்திரை எலும்புக்குள் ஆண்டுக்கணக்கில் தங்கும் தன்மையுடையது. கர்ப்பம் தரிக்கத் திட்டமிடுபவருக்கு, முறிவோ வேறு வலுவான காரணமோ இல்லாமல் அதைக் கொடுப்பதில்லை. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, உடல் எடை மிகக் குறைவா, வைட்டமின் டி போதுமானதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வயது 62. ஆஸ்துமாவுக்காகப் பல ஆண்டுகளாக அவ்வப்போது ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டிருக்கிறேன். மூட்டு வலிக்கு ஒரு பொடியும் வாங்கிச் சாப்பிடுகிறேன், அதில் நல்ல குணம் தெரிகிறது. எலும்புத் தேய்வு பெண்களுக்குத்தானே வரும்?
— வாசகர், ஈரோடு

பதில்: ஆண்களுக்கும் வரும். இடுப்பெலும்பு முறிந்தபின் உயிரிழப்பவர்களின் விகிதம் பெண்களைவிட ஆண்களிடம் அதிகம். பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பதே போதுமான காரணமாகிவிடுகிறது. ஆண்களுக்கு எலும்பு குறைந்தால் பெரும்பாலும் பின்னால் வேறு காரணம் இருக்கும். ஸ்டீராய்டு, மது, புகை, டெஸ்டோஸ்டிரோன் குறைவு, புராஸ்டேட் புற்றுநோய்க்குப் போடும் ஹார்மோன் தடுப்பு ஊசி ஆகியவை அவற்றில் முக்கியமானவை.

பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் 3 மாதங்களுக்கு மேல் சாப்பிட்டால் எலும்பைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். எலும்பு மிக வேகமாகக் கரைவது முதல் 3 முதல் 6 மாதங்களில்தான். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு டி ஸ்கோர் அவ்வளவு மோசமாக இல்லாதபோதே முறிவு நேர்கிறது. ஆகவே மைனஸ் 2.5 வரும்வரை காத்திருக்கக் கூடாது. சரியான முறையில் எடுக்கும் இன்ஹேலரால் இந்தப் பாதிப்பு மாத்திரையைவிட மிகக் குறைவு. இன்ஹேலரைத் தவிர்த்துவிட்டு மாத்திரையில் காலம் தள்ளுபவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

அந்தப் பொடி எனக்குக் கவலை தருகிறது. உட்பொருள் என்னவென்று அச்சிடாமல், பொட்டலமாகவோ டப்பியிலோ விற்கப்படும் மூட்டுவலி, ஆஸ்துமா மருந்துகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது இந்தியாவில் பல சோதனைகளில் தெரியவந்திருக்கிறது. ஓரிரு நாளிலேயே வலி பறந்து, பசி கூடி, முகம் உப்பலாகத் தெரிந்தால் ஐயம் கொள்ள வேண்டும். ஆனால் அதை இன்றே தூக்கி எறிந்துவிடாதீர்கள். நீண்ட நாள் ஸ்டீராய்டு உள்ளே போனவர்களுக்கு அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிட்டிருக்கும்; திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டப்பியை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அந்தச் சுரப்பி சுரக்கும் கார்ட்டிசால் ஹார்மோனின் காலை நேரத்து அளவைப் பார்த்து, படிப்படியாகக் குறைக்க அவர் வழி சொல்வார். டெக்ஸா ஸ்கேனையும் இந்த மாதமே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: தினமும் காலை 6 மணிக்கு வெயிலில் நடக்கிறேன், கேழ்வரகுக் கூழும் குடிக்கிறேன். இருந்தும் வைட்டமின் டி 11 என்று வந்திருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா சொன்னபடி, வாரம் ஒரு 60,000 யூனிட் பொடியை ஒன்றரை ஆண்டாகப் பாலில் கலந்து குடிக்கும் என் கணவருக்குப் பரவாயில்லை. நானும் அப்படியே தொடரலாமா? எனக்கு வயது 49, தொடையிலும் இடுப்பிலும் வலி, மாடிப்படி ஏற முடியவில்லை.
— வாசகி, திருநெல்வேலி

பதில்: உங்கள் கணவர் அதை இன்றே நிறுத்திவிட்டு, வைட்டமின் டி, கால்சியம், கிரியாட்டினின் மூன்றையும் சோதித்துப் பார்க்க வேண்டும். வாரம் 60,000 யூனிட் என்பது குறைபாட்டைச் சரிசெய்யும் அளவு. வழக்கமாக 8 வாரங்கள் கொடுத்துவிட்டு, பிறகு மாதம் ஒருமுறை அல்லது தினசரிச் சிறு அளவுக்கு மாற்றிவிடுவோம். கணக்கின்றித் தொடர்ந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, குமட்டல், மலச்சிக்கல், அதிக தாகம், மனக்குழப்பம் என்று தொடங்கிச் சிறுநீரகம் வரை பாதிக்கப்படும்.

காலை 6 மணி வெயில் நடைக்கு இதமானது, ஆனால் தோலில் வைட்டமின் டி உருவாகத் தேவையான புற ஊதா பி கதிர் அப்போது மிகச் சொற்பம். திருப்பதியில் நடந்த ஆய்வுகளில், நம் பகுதிக்கு காலை 11 முதல் பிற்பகல் 2 மணி வரையிலான வெயிலே இதற்கு ஏற்றது என்று தெரியவந்தது. கண்ணாடிச் சன்னல் வழியாக வரும் வெயிலால் பயனில்லை. கேழ்வரகை விடாதீர்கள், 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, மாவைப் புளிக்க வைத்துக் கூழாக்கும்போது உடல் அதை எடுத்துக்கொள்வதும் எளிதாகிறது. ஆனால் அதில் வைட்டமின் டி கிடையாது. கால்சியம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராமும், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு 1,200 மில்லிகிராமும் தேவை. ஒரு தம்ளர் பாலிலோ தயிரிலோ சுமார் 240 மில்லிகிராம் கிடைக்கும்; முள்ளோடு சாப்பிடும் நெத்திலி, முருங்கைக்கீரை ஆகியவையும் கைகொடுக்கும். பசலைக்கீரையில் கால்சியம் இருந்தாலும், அதிலுள்ள ஆக்சலேட் அதை உடலில் சேரவிடாது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது கடைசி வரி. எலும்புப்புரை, முறிவு ஏற்படும்வரை வலிக்காது. தொடையிலும் இடுப்பிலும் வலி, படியேற முடியாத தசைத் தளர்ச்சி, வைட்டமின் டி 11 ஆகிய மூன்றும் சேர்ந்திருப்பதால், ஆஸ்டியோமலேசியா எனப்படும் எலும்பு மென்மையாதலை முதலில் நினைக்க வேண்டும். அதில் எலும்பின் புரதச் சட்டம் இருக்கும், தாது அதில் படிந்திருக்காது. ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்படேஸ் உயர்ந்திருக்கும். டெக்ஸா எடுத்தால் இதிலும் மைனஸ் 3 என்று வரக்கூடும். அதைப் பார்த்து எலும்புப்புரை என்று முடிவு செய்து சோலெட்ரோனிக் ஊசியைப் போட்டுவிட்டால், ரத்தக் கால்சியம் அபாயகரமாகச் சரிந்துவிடும். வைட்டமின் டியையும் கால்சியத்தையும் முறையாகக் கொடுத்தால் சில மாதங்களில் வலி குறைந்து, அடர்த்தியும் கண்கூடாக உயரும். அதுவரை டெக்ஸாவுக்கு அவசரம் இல்லை.

கேள்வி: வயது 66. ஓராண்டாக வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் மாத்திரை சாப்பிடுகிறேன். முதுகெலும்பு போன ஆண்டு மைனஸ் 2.6, இந்த ஆண்டு மைனஸ் 2.7. மருந்து பலிக்கவில்லை என்று நிறுத்திவிடலாமா? தாடை எலும்பு அழுகும் என்றும் தோழி சொல்கிறார்.
— வாசகி, திருச்சி

பதில்: நிறுத்த வேண்டாம். நீங்கள் அனுப்பிய இரு அறிக்கைகளிலும் டி ஸ்கோருக்குப் பக்கத்தில் இருக்கும் உண்மையான அளவைப் பாருங்கள்: 0.761, இப்போது 0.750. வேறுபாடு சுமார் ஒன்றரை சதவீதம். ஒரே நாளில் ஒருவரை மேசையிலிருந்து எழுப்பி, மறுபடி படுக்கவைத்து அளந்தாலே இவ்வளவு மாறக்கூடும். ஒவ்வொரு ஸ்கேன் மையமும், தன் கருவியிலும் தன் பணியாளர் கையிலும் எத்தனை சதவீதம் மாறினால் அது உண்மையான மாற்றம் என்று கணக்கிட்டு வைத்திருக்க வேண்டும். முதுகெலும்பில் அது 5.3 சதவீதத்துக்கும், மொத்த இடுப்பில் 5 சதவீதத்துக்கும் மேல் போகக் கூடாது என்பது பன்னாட்டு நெறி. நீங்கள் இரண்டாவது ஸ்கேனை வேறு மையத்தில் எடுத்திருக்கிறீர்கள் என்றால் ஒப்பீட்டுக்கே இடமில்லை. இரு நிறுவனங்களின் கருவிகள் ஒரே எலும்புக்கு வேறு வேறு அளவு தரும். சிகிச்சையில் அடர்த்தி குறையாமல் நின்றாலே அது வெற்றிதான்.

அதற்கு முன், மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள். காலையில் வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் நிறைய வெறும் தண்ணீரில் விழுங்கிவிட்டு, அரை மணி நேரம் படுக்காமல், காபிகூடக் குடிக்காமல் இருக்க வேண்டும். காபியோடு விழுங்கினால் மருந்தில் பெரும்பகுதி உடலில் சேராது. கால்சியம் மாத்திரையை மதியமோ இரவோ உணவோடு எடுங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதற்கும் கால்சியத்துக்கும் 4 மணி நேர இடைவெளி விட வேண்டும்.

தாடை எலும்புப் பாதிப்பு உண்மையில் உண்டு. எலும்புப்புரைக்குக் கொடுக்கும் அளவில் அது மிக அரிது. ஆண்டுக்கு 10,000 பேரில் ஒருவருக்கும் குறைவாகவே ஏற்படுகிறது. புற்றுநோய்க்காக அதிக அளவில் கொடுக்கப்படும்போதுதான் அது கூடுகிறது. பல் பிடுங்க வேண்டியிருந்தால் பல் மருத்துவரிடம் இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லுங்கள். பல ஆண்டுகள் சாப்பிட்டவர்களுக்குத் தொடையிலோ இடுப்பு மடிப்பிலோ மந்தமான வலி தொடர்ந்தால் உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். தொடை எலும்பின் நடுப்பகுதியில் மெல்லிய வெடிப்பு ஏற்படும் அரிய விளைவு ஒன்று இருக்கிறது. இதைத் தவிர்ப்பதற்காகத்தான் 5 ஆண்டுகள் முடிந்ததும், அபாயம் குறைந்தவர்களுக்கு மருந்தை இடைநிறுத்துவதைப் பற்றி யோசிக்கிறோம்.

கேள்வி: என் மாமியாருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடும் டெனோசுமாப் ஊசி இரண்டு முறை போட்டோம். வீடு மாற்றியதில் மூன்றாவது ஊசி விட்டுப்போய் 8 மாதம் ஆகிவிட்டது. டெக்ஸா எடுத்தபின் போட்டுக்கொள்ளலாமா?
— வாசகி, சேலம்

பதில்: ஸ்கேனுக்காகக் காத்திருக்காதீர்கள்; இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். அலெண்ட்ரோனேட், சோலெட்ரோனிக் போன்றவை எலும்பில் தங்கிப் பல மாதங்கள் காக்கும். டெனோசுமாப் அப்படித் தங்குவதில்லை. ஆறு மாதம் முடிந்ததும் அதன் பிடி விலகி, அதுவரை அடக்கி வைத்திருந்த எலும்புக் கரைவு முன்பைவிட வேகமாகத் திரும்பும். கடைசி ஊசியிலிருந்து 7 மாதங்களைக் கடந்துவிட்டால், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று முள்ளெலும்புகள் முறிவதுகூட நேர்ந்திருக்கிறது. அவருக்குப் புதிதாக முதுகுவலி இருக்கிறதா, உயரம் குறைந்திருக்கிறதா என்று கேட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். ரத்தக் கால்சியம், வைட்டமின் டி இரண்டையும் பார்த்துவிட்டு உடனே அடுத்த ஊசியைப் போடுவார். தொடர்ந்து போட வசதிப்படாது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், டெனோசுமாபை நிறுத்தும்போது அதன் இடத்தில் சோலெட்ரோனிக்கோ அலெண்ட்ரோனேட்டோ கொடுத்தாக வேண்டும். அடுத்த ஊசிக்கான தேதியை அவருடைய சீட்டில் மட்டுமல்லாமல் உங்கள் கைப்பேசியிலும் குறித்து வையுங்கள்.